காய வைக்க மட்டும்

பதினேழு வருஷம் யூனியன் பிளேஸில்
மற்றவர்களின் ஆபத்துக்கு விலை போட்டவள் நான்.
தீக்கு இவ்வளவு. வெள்ளத்துக்கு இவ்வளவு.
மேல்மாடி என்றால் கொஞ்சம் குறைத்து.
என் முறை வந்தபோது
அதே கல்குலேட்டர்,
எண் மட்டும் வரவில்லை.

ஒப்பந்தம் அறுபத்துநாலு பக்கம்.
புதுக்கடையில் சட்டத்தரணி கஸ்தூரிதேவி
தாளுக்குத் தாள் பென்சிலால் கேள்விக்குறி வைத்தார்.
"எல்லாம் அவங்களுக்குச் சாதகம், தெரியுந்தானே?"
தெரியும்.
லாபமோ நட்டமோ, மாதம் ஆறு வீதம்.
சுவரின் நீலம் அவர்களுடையது.
வருகிறவர்களுக்கு நான் சொல்லும் வணக்கமும்
மூன்று மொழியில் அச்சாகியே வந்தது.

வொஷிலா.
எந்த மொழியிலும் பொருளில்லாத சொல்,
யாரோ ஒரு பெண்ணின் பெயர் மாதிரியும்.
பலகை ஏற்றிய அன்று
காலி வீதியைக் கடந்துபோய்
எதிர்ப்பக்கம் நின்று வாசித்தேன்.
அப்பாவின் கடைக்கு எங்கள் அம்மன் பெயர்.
எண்பத்துமூன்றில்
பலகையை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள்.
அதற்காகவா இரவல் பெயர் எடுத்தாய் என்று
யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.
நூற்றியொன்று பஸ் குறுக்கே வந்து
வெகுநேரம் நின்றது.

டொரண்டோ மச்சாள் கேட்டது வேறு:
"ஊராற்றை உடுப்புத் தோய்க்கவோ உன்னைப் படிப்பிச்சது?"
அந்தக் கேள்விக்குள் கிடந்த பழைய ஊத்தை
எந்தத் தூளுக்கும் போகாதது.
கமராவைத் திருப்பி
எட்டு மெஷினையும் அவளுக்குக் காட்டினேன்.
"வட்டக் கண்ணாடி நல்லாயிருக்கு" என்றாள்,
தன்னை மறந்து.

காப்பு இரண்டு சோடி வங்கியில்.
இரவு மூன்று மணிக்குத்
தண்டவாளம் சும்மா கிடக்கும்போதும்
ஜன்னல் அதிர்ந்தது.
இல்லை, ஜன்னல் இல்லை.

திறந்த நாள்.
பால் காய்ச்சினோம், பொங்கிற்று,
தலைமையகத்துப் பையன் திலின
படம் எடுத்துக்கொண்டு ராஜகிரியவுக்குப் போய்விட்டான்.
பத்து மணி. பதினொன்று.
புஷ்பமலர் துடைத்த மேசையையே துடைத்தாள்.
வெளியே மழை பிடித்துக்கொண்டது.
இனி யார் வருவார்கள் என்றது அது,
என் குரலிலேயே.

பதினொன்று நாற்பதுக்கு
ஹம்டன் ஒழுங்கைப் பக்கமிருந்து ஒருவன்,
தலையில் ஷொப்பிங் பை, கையில் ஈரமூட்டை.
கல்முனைப் பேச்சு.
"தோய்ச்சிட்டன். அனெக்ஸில வெயில் இல்ல, மூணு நாளா நாறுது.
காய வைக்க மட்டும் ஏலுமா?"

கையேட்டைப் புரட்டினேன்.
ஐந்து கிலோவுக்குக் குறையக்கூடாது.
கழுவாமல் உலர்த்துவது
எந்தப் பக்கத்திலும் இல்லை.
திலினவின் நம்பர் எடுத்தேன்.
மணி அடித்தது, அடித்தது,
மூன்றாவது மணியில் நானே துண்டித்தேன்.

"முந்நூறு ரூபா" என்றேன்.
வாய் உலர்ந்திருந்தது.
ஆனால் அந்த முந்நூறு
யாரும் அச்சடித்துத் தராதது.

நாற்பது நிமிஷம்
இரண்டு சேர்ட், ஒரு சாரம், ஒரு பெட்சீட்,
கண்ணாடிக்குள் விழுந்து எழும்பி விழுந்து.
அவன் கதிரையிலேயே தூங்கிப்போனான்.
சூடாக எடுத்துக் கொடுத்தபோது
முகத்தை அதற்குள் புதைத்து
ஒரு கணம் அப்படியே நின்றான்.

பின்னேரம் அதே ஒழுங்கையால் நாலு பேர்,
எல்லார் கையிலும் ஈரம்.

பயம் போய்விட்டதென்று எழுத மாட்டேன்.
ஐந்தாம் தேதி ஆறு வீதம் கட்ட வேண்டும்,
மழை எப்போதும் பெய்யாது,
திலினவிடம் இன்னும் சொல்லவில்லை.
கடை பூட்டும்போது
மூன்றாம் மெஷினில் ஒற்றைச் சொக்ஸ் கிடந்தது.
வெறுமையாக இருக்க வேண்டுமென்று
ஒப்பந்தம் சொல்லும் நீலச் சுவரில்
ஒரு குண்டூசி அடித்துத் தொங்கவிட்டேன்.
வந்து கேட்கட்டும்.